நம் ஊரில் சிலை இல்லாத ஒரு தலைவர்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் கூட்டாட்சி முறை பற்றிப் பாடம் நடத்தும்போது அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கடந்து போவது நம் வழக்கம். கடந்த சில ஆண்டுகளாக நான் கனடாவில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். இரண்டு பாடவேளைகள் ஆகின்றன. பாடத்திட்டம் முடிக்க வேண்டிய அவசரத்தில் இரண்டு பாடவேளை என்பது பெரிய செலவுதான். ஆனாலும் ஒரு தலைவரைப் பற்றி எப்படிப் படிப்பது என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட வசதியான இடம் எனக்குக் கிடைக்கவில்லை. நம் நாட்டுத் தலைவர்கள் என்றால், குழந்தைகள் வகுப்புக்குள் நுழையும்போதே வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஒரு அன்பையோ கோபத்தையோ சுமந்துகொண்டு வருகிறார்கள். கனடாவின் முதல் பிரதமர் ஜான் ஏ. மெக்டொனால்டுக்கு நம் ஊரில் சிலை இல்லை, பிறந்தநாள் விழா இல்லை, எதிர்ப்பாளர்களும் இல்லை. பெயரைச் சொன்னதும் "பர்கர் கடைக்காரரா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். அந்தச் சிரிப்பு அடங்கியதும் படத்தைக் காட்டுவேன்.

அது 1885 நவம்பர் 7 அன்று எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். இடம் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் உள்ள கிரெய்கெலாக்கி. வெண்தாடி வைத்த ஒரு முதியவர் குனிந்து, சம்மட்டியால் தண்டவாள ஆணியை அடிக்கிறார். அவர் டொனால்ட் ஸ்மித், ரயில் நிறுவனத்தின் முக்கியப் பங்குதாரர்களில் ஒருவர். அவருக்குப் பின்னால் உயரத் தொப்பியும் நீண்ட தாடியுமாக நிற்பவர் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங். பருத்த உடலோடு அருகில் நிற்பவர் நிறுவனத்தின் பொது மேலாளர் வில்லியம் வான் ஹார்ன். பின்னால் ஒரு சிறுவன் தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறான். நம் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அவனைத்தான். ஸ்மித் அடித்த முதல் அடியில் ஆணி வளைந்துவிட்டது, வேறு ஆணி வைத்து அடித்தார் என்று சொன்னால் வகுப்பு மொத்தமும் மகிழும். கனடாவின் கீழைக் கரைப் பகுதிகளையும் பசிபிக் கரையையும் இணைத்த கனடியன் பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணி அது.

நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "இந்தப் படத்தில் யார் இல்லை?" முதல் முறை கேட்டால் பதில் வராது. யார் இருந்தார்கள் என்று தெரியாமல் யார் இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உலக வரைபடத்தை எடுத்துக்கொள்கிறோம். 1867 ஜூலை 1 அன்று பிறந்த கனடா இன்றைய கனடா அல்ல. ஒண்டாரியோ, கியூபெக், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் என்ற நான்கு மாகாணங்கள் மட்டும்தான். 1871 கணக்கெடுப்பின்படி அவற்றில் சுமார் 35 லட்சம் மக்கள். மேற்கே உள்ள பரந்த சமவெளியை ஹட்சன் விரிகுடா நிறுவனத்திடமிருந்து 3 லட்சம் பவுண்டுக்குப் புதிய அரசு வாங்கியது. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பசிபிக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா தனியாகக் கிடந்தது. அதற்கு வடக்கே அலாஸ்காவை 1867இல் அமெரிக்கா வாங்கிவிட்டது, தெற்கேயும் அமெரிக்காதான். 1869 மே மாதம் அமெரிக்கா தன் கண்டம் கடக்கும் ரயில்பாதையையும் முடித்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட பகுதி எந்தப் பக்கம் சாயும்? மெக்டொனால்டின் கவலை இதுதான். 1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவில் சேர்ந்தபோது அவர் அரசு கொடுத்த வாக்குறுதி: இரண்டு ஆண்டுகளில் ரயில்பாதை வேலை தொடங்கும், பத்து ஆண்டுகளில் முடியும்.

அவ்வளவு சிறிய நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய வாக்கு என்பதைப் பிள்ளைகளுக்கு எண்ணாகச் சொன்னால் ஏறாது. மாண்ட்ரியலிலிருந்து பசிபிக் கரையில் உள்ள போர்ட் மூடி வரை சுமார் 4,600 கிலோமீட்டர். நம் கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸின் தூரம் சுமார் 4,200. அதையும் தாண்டி, வழியில் பெரும்பகுதிக்கு ஊரே இல்லாத ஒரு பாதை.

இடையில் ஊழல் கதை ஒன்று உண்டு. குடிமையியல் ஆசிரியர்களுக்கு அது தனிப் பாடம். 1872 தேர்தலில் மெக்டொனால்டின் கட்சிக்கு, ரயில் ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருந்த ஹ்யூ ஆலன் என்ற கப்பல் முதலாளி மூன்று லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்தார். இன்னும் பத்தாயிரம் வேண்டும் என்று பிரதமரே கேட்டு அனுப்பிய தந்தி வெளியே வந்தது. 1873 நவம்பரில் பதவி விலகினார். ஆனால் 1878இல் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். "ஏன் டீச்சர்?" என்பார்கள். 1873இல் தொடங்கிய பொருளாதார மந்தம், இறக்குமதிக்கு வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காப்பேன் என்று அவர் கொடுத்த வாக்கு, எதிர்க்கட்சி அரசு ரயில்பாதையைத் தவணை தவணையாக இழுத்தது என்று காரணங்களைச் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். அவருடைய குடிப்பழக்கம் பற்றிய கதைகளும் நிறைய உண்டு. அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

1880இல் ஜார்ஜ் ஸ்டீபன் தலைமையிலான முதலாளிகள் குழுவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அரசு கொடுத்தது இரண்டரைக் கோடி டாலர் பணம், இரண்டரைக் கோடி ஏக்கர் நிலம், ஏற்கெனவே அரசு கட்டத் தொடங்கியிருந்த பாதைப் பகுதிகள், பல வரிவிலக்குகள். இரண்டரைக் கோடி ஏக்கர் என்றால் எவ்வளவு என்று கணக்கு ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். சுமார் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1.30 லட்சம். அதில் முக்கால் பங்குக்கும் மேல்! "அந்த நிலம் யாரோடது?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். இப்போதெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

நிலவியல் பகுதியில் நான் கொஞ்சம் தங்குவது உண்டு. சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே உலகின் மிகப் பழைய கடும்பாறைகள் உள்ளன. அவற்றுக்கு இடையே சதுப்பு. பாறையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும், சதுப்பை மண் கொட்டி நிரப்ப வேண்டும். தண்டவாளம் என்ஜினோடு சேர்ந்து சதுப்பில் புதைந்ததும் உண்டு. ஏரிக்குத் தெற்கே அமெரிக்க மண் வழியாகச் சுற்றிப் போனால் செலவு குறையும் என்று முதலாளிகளில் ஒருவரான ஜேம்ஸ் ஹில் சொல்லிப் பார்த்தார். பாதை முழுவதும் கனடா மண்ணில்தான் இருக்க வேண்டும் என்பதில் மெக்டொனால்ட் அசையவில்லை. ஹில் பின்னர் விலகிப் போனார். சமவெளியில் வேலை பறந்தது. 1882இல் ஒரே பருவத்தில் 400 மைலுக்கும் மேல் தண்டவாளம் போட்டார் வான் ஹார்ன். மீண்டும் ராக்கி மலையில் முட்டுக்கட்டை. கிக்கிங் ஹார்ஸ் கணவாயின் மேற்குச் சரிவில் ஆயிரம் மீட்டருக்கு 45 மீட்டர் இறக்கம். அதில் இறங்கிய கட்டுமான ரயில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து மூன்று பேர் இறந்தார்கள். 1909இல் மலைக்குள்ளேயே சுழன்று இறங்கும் சுரங்கங்கள் அமைத்த பிறகுதான் அந்தச் சரிவு பாதி தணிந்தது. ஒரு அளவுகோலும் புத்தகமும் வைத்து இந்தச் சாய்வைச் செய்து காட்டலாம். சாலையாக இருந்தால் இந்த ஏற்றம் பெரிதில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதை அறிவியல் பாடத்தின் உராய்வோடு சேர்த்துச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது படத்தில் இல்லாதவர்களிடம் வருகிறோம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேலை எடுத்த ஒப்பந்ததாரர் ஆண்ட்ரூ ஆன்டர்டாங்க். அவரிடம் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1880களின் தொடக்கத்தில் சுமார் 15,000 பேர் வந்தார்கள், பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்திலிருந்து. நாள் கூலி ஒரு டாலர். அதே வேலைக்கு வெள்ளையருக்கு ஒன்றரை முதல் இரண்டரை டாலர். சாப்பாட்டுச் செலவு அந்த ஒரு டாலருக்குள்தான். பாறைச் சரிவு, வெடி விபத்து, குளிர், ஸ்கர்வி நோய் என்று குறைந்தது 600 பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஸ்கர்வி என்றதும் வைட்டமின் சி என்று வகுப்பு கூவும். அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஒரு வரி, ஒருவருக்குக் காய்கறி வாங்கக் காசில்லாத குளிர்காலம் என்று புரியட்டும்.

சீனர்களை வரவிடாதே என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கேட்டபோது, இந்தத் தொழிலாளர்கள் இல்லையென்றால் ரயில்பாதை இல்லை என்று 1882இல் நாடாளுமன்றத்தில் மெக்டொனால்ட் பதில் சொன்னார். மூன்று ஆண்டுகள் கழித்து, வேலை முடியும் நேரத்தில், அவர் அரசே சீனர்கள் மீது தலைவரி போட்டது. கனடாவுக்குள் நுழைய ஆளுக்கு 50 டாலர். 1903இல் அது 500 டாலராக உயர்ந்தது. 1923இல் கதவே அடைக்கப்பட்டது. 1947 வரை திறக்கவில்லை.

சமவெளியின் கதை இன்னும் கனமானது. கிரீ போன்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தது காட்டெருமையை நம்பி. 1870களின் இறுதியில் காட்டெருமை மந்தைகள் அழிந்தன, பஞ்சம் வந்தது. பூர்வகுடியினர் விவகாரத் துறையைப் பிரதமரான மெக்டொனால்டே தன் கையில் வைத்திருந்தார். ஒப்பந்தத்தை ஏற்று, ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் போனால்தான் உணவு என்று அந்தத் துறை பிடிவாதம் பிடித்தது. செலவைக் குறைக்க, பட்டினியின் விளிம்பு வரை உணவு தராமல் வைத்திருக்கிறோம் என்று அவரே அவையில் சொன்னது நாடாளுமன்றப் பதிவில் இருக்கிறது. எதிர்க்கட்சி அப்போது குறை சொன்னது, உணவுக்கு அதிகம் செலவிடுகிறீர்கள் என்று! இதையும் சேர்த்தே சொல்வேன். குற்றம் ஒரு மனிதரோடு நிற்கவில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியர்களான நம்மை நேராகத் தொடும் பகுதி அடுத்தது. பெற்றோரிடமிருந்து பிரித்தால்தான் பூர்வகுடிக் குழந்தைகளை மாற்ற முடியும் என்று 1883இல் மெக்டொனால்ட் அவையில் வாதிட்டார். அரசு பணம் தர, தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகள் பெருகின. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த அந்த ஏற்பாட்டில் சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் வைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. நோயிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இங்கே மொழியில் ஒரு கவனம் தேவை. நம் மாணவர்களுக்கு 'உண்டு உறைவிடப் பள்ளி' என்றால் படிப்பைத் தொடர உதவும் இடம். என் வகுப்பிலேயே அப்படிப் படித்து வந்த பெண்கள் இருந்தார்கள். அதனால் சொல்லை அப்படியே விட்டுவிடாமல், "பெற்றோர் விரும்பாவிட்டாலும் பிடித்துக்கொண்டு போன பள்ளி" என்று ஒவ்வொரு முறையும் விளக்கமாகவே சொல்கிறேன்.

இனி செயல்பாடு. 1885 என்ற ஒரே ஆண்டின் நிகழ்வுகளை அட்டைகளில் எழுதி ஏழு மாணவர்களிடம் கொடுத்து, தேதி வரிசையில் நிற்க வைக்கிறேன். மார்ச் 26, சஸ்காச்சுவான் பகுதியில் லூயி ரியல் தலைமையில் மேட்டி மக்கள் எழுச்சி, டக் லேக்கில் மோதல். (மேட்டி என்போர் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள். தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டு மனு அனுப்பிக் காத்திருந்தவர்கள்.) மார்ச் 30, டொரண்டோவிலிருந்து படை ரயிலில் புறப்பட்டது. மே 12, பட்டோஷ் வீழ்ந்தது. ஜூலை, திவாலாகும் நிலையில் இருந்த ரயில் நிறுவனத்துக்குப் புதிய கடன் தரும் சட்டம். அதே ஜூலை, சீனர் தலைவரிச் சட்டம். நவம்பர் 7, கடைசி ஆணி. நவம்பர் 16, ரெஜினாவில் ரியலுக்குத் தூக்கு.

பிறகு ஒரு நூல்கண்டைக் கொடுத்து, எந்த அட்டை எந்த அட்டைக்குக் காரணம் என்று நினைக்கிறீர்களோ அவற்றை இணையுங்கள் என்கிறேன். இதில் ஆசிரியர் பேசவே வேண்டாம். ஒரு தகவல் மட்டும் கூடுதலாகத் தர வேண்டும்: 1870இல் இதே மேட்டி மக்களின் முதல் எழுச்சிக்கு ரெட் ரிவர் பகுதிக்குப் படை போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. 1885இல் ஏரிக்கு வடக்கே பாதை விட்டுப்போன இடங்களைப் பனியில் நடந்தும் சறுக்குவண்டியிலும் கடந்தும்கூட, முதல் படைப்பிரிவுகள் சுமார் பத்தே நாளில் வின்னிபெக் சேர்ந்துவிட்டன. "அப்போ சண்டை வந்ததாலதான் டீச்சர் கடன் கிடைச்சுது" என்று நூல் பிடித்திருந்த பையன் சொன்னான். ரயில் எதற்குப் பயன்படும் என்பதை அந்தப் படைப் பயணம் நாடாளுமன்றத்துக்குக் காட்டிவிட்டது. வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். தலைவரி அட்டையிலிருந்து கடைசி ஆணிக்கு நூலை எப்படிப் போடுவது என்று நீண்ட சண்டை நடக்கும். வேலை முடியப்போவதால்தான் வரி வந்தது, ஆகவே நூல் பின்பக்கமாகப் போக வேண்டும் என்று ஒரு குழு. வெள்ளையரின் ஓட்டுக்காகத்தான் வரி, ஆணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்னொரு குழு. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. சண்டையை நான் தீர்த்து வைப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் "மெக்டொனால்ட் நல்லவரா கெட்டவரா" என்று பட்டிமன்றம் வைக்கும் ஆசை வரும். வைக்காதீர்கள் என்பேன். பட்டிமன்றத்தில் அணி பிரிந்த கணமே, எதிரணிக்குச் சாதகமான ஆதாரத்தை மறைப்பது திறமை ஆகிவிடுகிறது. கடைசியில் நடுவர் தீர்ப்பு வேறு. நான் தருவது வேறொரு வேலை. கனடாவில் இந்தக் கேள்வி நிஜமாகவே நடந்துகொண்டிருக்கிறது. 2017இல் ஒண்டாரியோ தொடக்கப்பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பு, மெக்டொனால்ட் பெயரில் உள்ள பள்ளிகளின் பெயரை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். 2018இல் பத்து டாலர் நோட்டில் அவர் இருந்த இடத்துக்கு, நிறவெறியை எதிர்த்து நின்ற வயோலா டெஸ்மண்ட் வந்தார். 2020இல் மாண்ட்ரியலில் அவர் சிலை கூட்டத்தால் சாய்க்கப்பட்டது. 2021இல் அவர் வளர்ந்த கிங்ஸ்டன் நகரமே தன் பூங்காவிலிருந்து சிலையை எடுத்துவிட்டது. அந்தப் பூங்காவில் வைக்க ஐம்பது சொற்களில் ஒரு பலகை எழுதுங்கள் என்று குழுக்களிடம் சொல்கிறேன். சிலை இருக்க வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம். ஐம்பது சொல் என்ற கட்டுப்பாடுதான் பாடம். எதை விடுவது என்று அவர்கள் திணறும்போதுதான் வரலாறு எழுதுவது என்ன என்று தெரிகிறது.

ஒரு குழு 'நாட்டை இணைத்தார்' என்று தொடங்கியது. அதே குழுவில் ஒருத்தி 'இணைத்தார்' என்பதை அடித்துவிட்டு 'கடற்கரைகளை இணைத்தார்' என்று திருத்தினாள். இன்னொரு குழு பலகையில் பாதியைச் சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டு, ரியல் பெயருக்கு இடமில்லாமல் விழித்தது. மதிப்பெண் போடுவதென்றால் தகவல் சரியா, சொன்னதற்கு ஆதாரம் உண்டா என்ற இரண்டுக்கு மட்டும் போடுங்கள். அவர்கள் எடுத்த பக்கத்துக்குப் போடாதீர்கள்.

அநேகமாக எல்லா ஆண்டும் ஒரு கேள்வி வருகிறது: "நம்ம தலைவர்களையும் இப்படிக் கேட்கலாமா டீச்சர்?" நான் சொல்லும் பதில், கேட்கலாம், இதே மூன்று கேள்விகளோடு கேளுங்கள் என்பதுதான். அவர் என்ன செய்தார், அதற்கு யார் விலை கொடுத்தார்கள், இதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்ததைக் கொண்டுவந்தால் ஏற்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதன் பிறகு வகுப்பில் வரும் பெயர்களும் வாதங்களும் சில நேரம் சூடாக இருக்கும். கனடாவில் பழகிய கை என்பதால் நூல்கண்டைத் தேடுகிறார்களே தவிர, குரலை உயர்த்துவது குறைந்திருக்கிறது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதில் தூக்குத் தண்டனை, பட்டினிப் பகுதிகளை விட்டுவிடலாம். ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது, படத்தில் உயரத் தொப்பியோடு நிற்கும் ஃப்ளெமிங். ரயில் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் சூரியன் உச்சிக்கு வரும் நேரமே பன்னிரண்டு மணி. ஊர் ஊராக ரயில் நிற்கத் தொடங்கியதும் கால அட்டவணை குழம்பியது. நேர மண்டலங்களாகப் பிரிக்க வேண்டும் என்று தொடர்ந்து வாதாடியவர்களில் ஃப்ளெமிங் முக்கியமானவர். 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில் நிறுவனங்கள் அந்த முறைக்கு மாறின. நம் நாட்டிலும் 1906இல் இந்திய நேரம் வரும் முன்பு ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. ஒரு குச்சியை மைதானத்தில் நட்டு நிழல் மிகக் குறுகும் கணத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளிக் கடிகாரம் அப்போது சரியாகப் பன்னிரண்டு காட்டாது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.